இரண்டு கொட்டேஷன், ஒரே புத்தகம்: ஆஃப்செட்டா, டிஜிட்டலா?

நண்பர் ஒருவருக்குத் தன் பயிற்சி வகுப்புக்காக 48 பக்கக் கையேடு அச்சடிக்க வேண்டியிருந்தது. ஒரு ஆஃப்செட் அச்சகத்திலும் ஒரு டிஜிட்டல் அச்சகத்திலும் விலை கேட்டு, வந்த இரண்டு தாள்களையும் என் முன்னால் வைத்து, "இதுல எது லாபம்னு நீயே சொல்லு" என்றார். முதல் தாளில் இப்படி இருந்தது: "ஏ5, 48 பக்கம் + கவர். உள்ளே 130 ஆர்ட், 4+4. கவர் 300 ஆர்ட், 4+0, மேட் லேமினேஷன். சென்டர் பின். 1000 பிரதி." இரண்டாவது தாளில்: "கலர் புக், நல்ல பேப்பர், 300 பிரதி." அடியில் ஒரு தொகை. அது முதல் தாளின் தொகையில் பாதிகூட இல்லை.

என்னால் சொல்ல முடியவில்லை. அந்த 'நல்ல பேப்பர்' எந்தப் பேப்பர்? லேமினேஷன், அதாவது அட்டைமேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், உண்டா? பிரதி எண்ணிக்கையே வேறு. அவை வெவ்வேறு பொருட்களுக்குச் சொல்லப்பட்ட விலைகள். அச்சுத் தொழிலின் சொற்களில் ஒரு இருபதையாவது தெரிந்துகொள்ள இந்த ஒரு காரணமே போதும். வேலையை ஒரே சொற்களில் எழுதி இருவரிடமும் நீட்டினால்தான் விலையை விலையோடு வைத்துப் பார்க்க முடியும்.

நண்பர் இன்னொன்றும் செய்திருந்தார், பெரும்பாலோர் செய்வதுதான். அட்டையையும் பக்கங்களையும் வடிவமைத்து முடித்துவிட்டுப் பிறகு அச்சகம் தேடினார். என் பழக்கம் தலைகீழ். எத்தனை பிரதி, எந்த முறை அச்சு, எந்தத் தாள், என்ன பைண்டிங் என்ற நான்கும் முடிவான பிறகே கோப்பைத் திறப்பேன். நிறம், ஓர இடைவெளி, எழுத்தின் அளவு எல்லாம் அந்த நான்கின் பின்னால் வருபவை.

பிளேட் போடும் அச்சும் பிளேட் இல்லாத அச்சும்

ஆஃப்செட், 1796 வாக்கில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சின் வழிவந்தது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் அதன் அடிப்படை. பிளேட் எனப்படும் அலுமினியத் தகட்டில் படம் உள்ள இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மையை ஒதுக்கிவிடும். தகட்டிலிருந்து மை நேரே தாளுக்குப் போகாது. முதலில் ஒரு ரப்பர் போர்வைக்கு, அங்கிருந்து தாளுக்கு. இந்த ரப்பர் நடுவில் வந்ததற்கு ஒரு கைத்தவறுதான் காரணம் என்பார்கள். 1904-இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்ற அச்சக்காரர், இயந்திரத்துக்குள் ஒரு தாள் போகாமல் விட்டுப்போனபோது, அழுத்தும் உருளையின் ரப்பரில் படம் விழுந்ததைக் கண்டார். அடுத்து வந்த தாளின் பின்பக்கத்தில் ரப்பரிலிருந்து ஒட்டிய படம், முன்பக்கத்துப் படத்தைவிடத் தெளிவாக இருந்தது. தாளின் மேடுபள்ளத்துக்கு ரப்பர் வளைந்து கொடுக்கும். சொரசொரப்பான தாளிலும் ஆஃப்செட் எழுத்து நறுக்கென்று விழுவது இதனால்தான்.

விலையைத் தீர்மானிப்பது அந்தத் தகடு. நிறம் ஒன்றுக்கு ஒரு பிளேட். முழு வண்ணம் என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என 4 பிளேட். இந்த நால்வரைத்தான் சிஎம்ஒய்கே என்கிறார்கள். கொட்டேஷனில் '4+4' என்பது தாளின் இருபுறமும் நான்கு நிறம். '4+0' ஒருபுறம் மட்டும். '1+1' என்றால் இருபுறமும் ஒற்றை நிறம். நண்பரின் கையேட்டையே எடுத்துக்கொள்வோம். பெரிய தாளில் ஒரு புறத்துக்கு 8 வீதம் இருபுறமும் 16 ஏ5 பக்கங்கள் அடங்கும். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். 48 பக்கத்துக்கு 3 ஃபாரம். ஃபாரம் ஒன்றுக்கு முன்னால் 4, பின்னால் 4. ஆக 24 பிளேட், கவருக்கு 4 சேர்த்தால் 28. இத்தனையும் இயந்திரத்தில் ஏற்றி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாள்கள் கழிவாகப் போகும். இதுவரை ஒரு பிரதிகூட வெளியே வரவில்லை. 10 பிரதி கேட்டாலும் 10,000 பிரதி கேட்டாலும் இந்தத் தொடக்கச் செலவு மாறாது. ஓட ஆரம்பித்துவிட்டாலோ, கூடுதல் பிரதி ஒவ்வொன்றுக்கும் தாளும் மையும் கொஞ்சம் நேரமும் மட்டும்தான்.

டிஜிட்டல் அச்சின் பெரும்பகுதிக்கு மூலம் ஜெராக்ஸ். 1938 அக்டோபர் 22 அன்று செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் தேய்த்து மின்னேற்றி, அதன் மேல் ஒளியைப் பாய்ச்சி, பொடியைத் தூவி, அன்றைய தேதியைத் தாளில் ஒட்டி எடுத்தார். படம் மின்னேற்றமாக மட்டும் இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அழித்துப் புதிதாக எழுதலாம். நிரந்தரத் தகடு தேவையில்லை. 1993-இல் இண்டிகோ, ஸீகான் ஆகிய நிறுவனங்கள் இதே வழியில் முழு வண்ண அச்சு இயந்திரங்களைக் கொண்டுவந்தன. பிளேட் இல்லை என்பதால் தொடக்கச் செலவும் ஏறக்குறைய இல்லை. முதல் பிரதியும் முந்நூறாவது பிரதியும் ஒரே விலை. பிரதிக்குப் பிரதி பெயரையோ எண்ணையோ மாற்றி அடிக்கவும் முடியும். சான்றிதழுக்கும் அழைப்பிதழுக்கும் இது பெரிய வசதி.

எங்கே ஒன்று மற்றொன்றைவிட மலிவாகிறது? '500-க்கு மேல் ஆஃப்செட்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பவேண்டாம். உங்கள் வேலைக்கு நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஆஃப்செட் அச்சகத்திடம் ஒரே வேலைக்கு இரண்டு எண்ணிக்கைக்கு விலை கேளுங்கள், 300-க்கும் 1000-க்கும். பதில் 4200 பங்கு, 7000 பங்கு (பங்கு என்பது கணக்குக்காக நான் வைத்த ஒரு பண அலகு) என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2800, அதை 700 பிரதியால் வகுத்தால் ஒரு பிரதிக்கு 4. இந்த 4-ஐ 300-ஆல் பெருக்கி 4200-இலிருந்து கழித்தால் மிஞ்சுவது 3000. அதுதான் தொடக்கச் செலவு. டிஜிட்டல் அச்சகம் பிரதிக்கு 10 பங்கு கேட்கிறது என்றால், 3000-ஐ (10 − 4) ஆல் வகுக்க வேண்டும். 500 வருகிறது. இந்த வேலையில் 500 பிரதிக்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். 48 பக்கத்துக்குப் பதில் ஒற்றைத் தாள் நோட்டீஸ் என்றால் இந்தக் கோடு வேறெங்காவது விழும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 1000 பிரதி அடித்தால் 'ஒரு பிரதி 7 பங்குதான்' என்று அச்சகம் சொல்லும். டிஜிட்டலின் 10-ஐவிட மலிவாகத் தெரியும். தேவை 300 பிரதிதான் என்றால் நீங்கள் கொடுப்பது 3000-க்குப் பதில் 7000. மீதி 700 பிரதி அலமாரியில் கிடந்து, அதற்குள் பாடத்திட்டம் மாறிவிடும். மலிவு என்று நம்பி அடித்த புத்தகக் கட்டுகள் என் வீட்டிலும் உண்டு.

விலையைத் தாண்டியும் சில வேறுபாடுகள் உள்ளன. டோனர், அதாவது டிஜிட்டல் இயந்திரத்தின் மைப்பொடி, தாளுக்குள் ஊறுவதில்லை. மேலே உருகி ஒட்டிக்கொள்கிறது. கனத்த தாளை மடித்தால் மடிப்பில் வெள்ளைக்கோடாக வெடிக்கும். கிரீசிங், அதாவது மடிக்குமுன் மடிப்புக்கோட்டை அழுத்தி வைப்பது, டிஜிட்டலில் கட்டாயம். தாள் அளவுக்கும் எல்லை உண்டு. பொதுவாகக் கிடைக்கும் இயந்திரங்கள் எஸ்ஆர்ஏ3, அதாவது 320 × 450 மில்லிமீட்டர் அளவைச் சுற்றியே நிற்கின்றன. ஆஃப்செட்டில் மை காயக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தி அன்றே வெட்டச் சொன்னால் அடுத்த தாளின் முதுகில் மை ஒட்டும். நாளைக்குக் காலையில் வேண்டும் என்றால் டிஜிட்டல்தான்.

பேனருக்கும் டி-ஷர்ட்டுக்கும் வேறு உலகம். பேனர் பெரிய இங்க்ஜெட் இயந்திரத்தில் வரும், துணிக்கு வழக்கமாக ஸ்கிரீன் பிரிண்டிங். அவற்றை இங்கே தொடவில்லை.

நாலு நிறமா, தனி நிறமா?

திரையில் பளீரென்று தெரிந்த நீலம் தாளில் ஊதாவாக வந்தது என்று சொல்லாத ஆள் இல்லை. திரை ஒளியால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டினால் வெள்ளை, இது ஆர்ஜிபி. தாளில் மை ஒளியை உறிஞ்சுகிறது, எல்லாம் கூடினால் இருட்டு. திரையின் சில நிறங்கள் மையின் எல்லைக்குள் வரவே வராது. நீலம் ஊதாவாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சயானும் மெஜந்தாவும் நெருங்கிய அளவில் சேர்ந்தால் தாளில் ஊதா சாயும். மெஜந்தாவைச் சயானைவிட 30 சதவீதப் புள்ளியாவது குறைத்து வைத்தால் நீலம் நீலமாக நிற்கும்.

நிறுவனத்தின் சின்னம் எப்போதும் ஒரே நிறத்தில் வரவேண்டும் என்றால் தனி மை கலக்கலாம். அதற்கு ஸ்பாட் கலர் என்று பெயர். 1963-இல் பான்டோன் வெளியிட்ட எண் முறையால் "இந்த எண் நிறம்" என்று சொன்னால் உலகின் எந்த மூலையிலும் அதே நிறத்தைக் கலக்க முடிகிறது. முழு வண்ண வேலையில் இது ஐந்தாவது பிளேட், கூடுதல் செலவு. இதையே திருப்பிப் போட்டால் பலரும் கவனிக்காத ஒரு வழி கிடைக்கிறது. புகைப்படம் அதிகம் இல்லாத புத்தகத்தைக் கருப்பும் ஒரு ஸ்பாட் கலரும் மட்டும் வைத்து ஆஃப்செட்டில் அடித்தால் பிளேட் எண்ணிக்கை பாதி. பார்வைக்கும் அது திட்டமிட்டுச் செய்த அழகாக இருக்கும். பணம் போதாமல் செய்ததாகத் தெரியாது. எனக்குப் பிடித்த புத்தகங்களில் பல இப்படி அடித்தவை. பெரும்பாலான டிஜிட்டல் இயந்திரங்களில் இதற்கு வழியில்லை. அவை ஸ்பாட் கலரையும் நான்கு நிறமாக உடைத்துத்தான் போடும்.

கருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படிக்கும் எழுத்து கருப்பு மையில் மட்டும் இருக்கவேண்டும்: கே 100, மற்றவை 0. திரைக்கான மென்பொருளில் செய்த கருப்பை அப்படியே மாற்றினால் நான்கு நிறத்திலும் சிதறும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் ஆர்ஜிபி கருப்பு 75, 68, 67, 90 என்று பிரியும். கூட்டினால் 300 சதவீத மை. சிறிய எழுத்து நான்கு பிளேட்டிலிருந்து வந்தால், ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல். பெரிய கருப்புப் பரப்புக்கு மட்டும் 'ரிச் பிளாக்', அதாவது மற்ற மூன்று மையும் சேர்ந்த கருப்பு, வைக்கலாம். 60, 40, 40, 100 என்பது பழகிய கலவை.

இதன் மறுபக்கத்தை நான் சொந்தமாகவே கற்றுக்கொண்டேன். ஒரு பள்ளி ஆண்டு மலரின் பின்னட்டையில் கருநீலப் பின்னணி, அது நான்கு நிறமும் சேர்ந்த நீலம். அதன்மேல் 7 பாயின்ட் வெள்ளை எழுத்து. வெள்ளை என்றால் மை எதுவும் இல்லை. நான்கு பிளேட்டிலும் அந்த இடம் காலியாக, ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்தவேண்டும். கணினியில் 300 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன், அத்தனையும் தெளிவு. அச்சாகி வந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு நிறம் நூலிழை விலகியிருக்கிறது. எழுத்துகள் தப்பிவிட்டன; மெய்யெழுத்தின் புள்ளிகள் பாதி மூடிவிட்டன. 7 பாயின்டில் ஒரு புள்ளி மில்லிமீட்டரில் கால் பங்கு இருந்தாலே அதிகம். நிறுவனத்தின் பெயரில் 'கல்வி' என்ற சொல் இருந்தது. அதில் புள்ளி போனால் என்ன சொல் மிஞ்சும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தலைமையாசிரியர் பிரதியைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அச்சகத்தின்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அந்த அளவு விலகல் எந்த இயந்திரத்திலும் வரும். ஆங்கில எழுத்துக்கு 7 பாயின்ட் போதும் என்ற பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது நான். இப்போதெல்லாம் கரும்பின்னணியில் வெள்ளைத் தமிழ் என்றால் 10 பாயின்டுக்குக் குறைப்பதில்லை, தடித்த எழுத்துரு, பின்னணியும் முடிந்தவரை ஒன்றிரண்டு நிறத்தில்.

தாள்: எடை ஒன்று, தடிமன் வேறு

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ வரிசையின் முதல் தாளான ஏ0 சரியாக ஒரு சதுர மீட்டர். அதைப் பாதி பாதியாக நான்கு முறை மடித்தால் ஏ4. ஆகவே ஏ4 பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு ஏ4 சரியாக 5 கிராம். அச்சகம் காட்டும் மாதிரி உண்மையில் 80-தானா என்ற சந்தேகம் வந்தால் 20 ஏ4 தாளைத் தராசில் வையுங்கள், 100 கிராம் காட்டவேண்டும். இந்த அளவு முறை 1922-இல் ஜெர்மனியில் வால்ட்டர் போர்ஸ்ட்மன் வகுத்தது. நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலம் என்பதால் எத்தனை முறை மடித்தாலும் உருவம் மாறாது. ஏ4-இல் செய்த வடிவமைப்பை ஏ5-க்குச் சுருக்கினால் ஓரம் வெட்டுப்படாததற்கும் அதுவே காரணம்.

எடை கூடினால் தடிமனும் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆர்ட் பேப்பரை உருளைகளுக்கிடையே நசுக்கி வழவழப்பாக்குகிறார்கள். அதனால் 100 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், 80 ஜிஎஸ்எம் பூச்சில்லாத தாளைவிட மெல்லியதாக இருக்கும். 'கனமான பேப்பர் போடுங்க' என்று கேட்டு எண்ணை மட்டும் உயர்த்தினால் புத்தகம் எடை கூடும், தடிக்கும் என்று உறுதியில்லை.

புகைப்படம் முக்கியம் என்றால் பூச்சுள்ள ஆர்ட். வாசிப்பு முக்கியம், பேனாவால் குறிப்பெடுப்பார்கள் என்றால் பூச்சில்லாத மேப்லித்தோ. நண்பரின் கையேடு பயிற்சிக்கானது, பக்கம் தோறும் எழுத இடம் விட்டிருந்தார். 130 ஆர்ட்டில் பேனா மை காயாமல் தேயும். முதல் அச்சகத்தின் கொட்டேஷன் சொல்லில் சுத்தமாக இருந்தாலும் தாள் விஷயத்தில் பொருந்தாமல் போனது இங்கேதான். அவர்களையும் குறைசொல்ல முடியாது, எழுதுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சுவதால் அச்சுப்புள்ளிகள் பரந்து படம் கொஞ்சம் இருளும். புள்ளிகள் என்றதும், படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி) இருக்கவேண்டும் என்பார்களே, அந்த விஷயத்தையும் முடித்துவிடலாம். ஆஃப்செட்டில் படம் என்பது நுண்புள்ளி வரிசைகள். ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 150 முதல் 175 வரிசை வழக்கம், செய்தித்தாளில் 100-ஐ ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ. வரிசைக்கு இரண்டு பிக்சல் இருந்தால் போதும் என்பது கைக்கணக்கு. 150-இன் இரு மடங்குதான் அந்த 300. ஏ5 முழுப்பக்கப் படத்துக்கு, வெட்டுக்கான 3 மில்லிமீட்டரைச் சுற்றிலும் சேர்த்தால், 1819 × 2551 பிக்சல் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பியது அளவு சுருங்கித்தான் வரும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் படத்தை மென்பொருளில் 300 என்று மாற்றி எழுதிவிட்டால் எண்தான் மாறும்.

அந்த 3 மில்லிமீட்டருக்கு பிளீட் என்று பெயர். நிறம் தாளின் விளிம்புவரை போகவேண்டும் என்றால் வெட்டும் கோட்டைத் தாண்டி அவ்வளவு நீட்டி வைக்கவேண்டும். கத்தி ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே விழும். நீட்டாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று. அதேபோல் முக்கியமான எழுத்தை விளிம்பிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். பக்கத்தைச் சுற்றி மெல்லிய கட்டம் போடுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். ஒரு மில்லிமீட்டர் கோணலை வேறெதுவும் அவ்வளவு அழகாக விளம்பரப்படுத்தாது.

பின்னா, பசையா, தையலா?

48 பக்கத்துக்கு இதில் பெரிய விவாதம் இல்லை. சென்டர் பின், அதாவது நடு மடிப்பில் பின், அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்கவேண்டும். 48 சரி, 50 என்றால் இரண்டு பக்கம் வெட்டவேண்டும் அல்லது இரண்டு கூட்டவேண்டும். பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்குக்கு முதுகு வேண்டும். 24 இலை, இலைக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், மொத்தம் 2.4. பசை பிடிக்க இது போதாது, முதுகில் பெயரும் எழுத முடியாது. 100 பக்கத்துக்கு மேல் பசை. பல ஆண்டு புரட்டப்படும் புத்தகம் என்றால் ஃபாரம் ஃபாரமாகத் தைத்த பிறகு பசை. பசை மட்டும் போட்ட ஆர்ட் பேப்பர் புத்தகத்தில் இலைகள் கழன்று வருவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

பின் அடிப்பதில் ஒரு நுணுக்கம்: 12 தாள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருக்கும்போது உள்தாள் வெளியே துருத்தும், ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். வெட்டிய பிறகு நடுப்பக்கத்தின் ஓர இடைவெளி அந்த அளவு குறைந்திருக்கும். வெறும் தாளை மடித்து ஒரு டம்மி செய்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். விலை கேட்கும் முன்பே டம்மி செய்துவிடுவது நல்லது; எந்தப் பக்கத்தின் பின்னால் எது வருகிறது என்பதும் அப்போதே பிடிபடும்.

மேல்பூச்சில் மேட் லேமினேஷன் கைக்கு இதமாக இருக்கும், கருநிற அட்டையில் விரல்தடமும் கீறலும் பதியும். கிளாஸ், அதாவது பளபளப்பான லேமினேஷன், நிறத்தைத் தூக்கிக் காட்டும், விளக்கடியில் கண்ணைக் கூசும். நாள்தோறும் பையில் போட்டு எடுக்கும் கையேட்டுக்கு எது என்றாலும் ஒன்று இருக்கட்டும்.

யார் வடிவமைப்பது?

நான்கு வழி உண்டு: நீங்களே ஆன்லைன் வார்ப்புருவில் செய்வது, அச்சகத்தின் டிடிபி ஆளிடம் கொடுப்பது, தனி வடிவமைப்பாளர், ஸ்டூடியோ. ரசீதுப் புத்தகம், ஒரு நாள் நோட்டீஸ், விண்ணப்பப் படிவம் எல்லாவற்றுக்கும் அச்சகத்து டிடிபி ஆளை மிஞ்ச முடியாது. அவருக்குத் தன் இயந்திரத்தின் குணம் தெரியும், பிளீடும் பக்க அடுக்கும் கைப்பழக்கம். சின்னம் உருவாக்கவோ, பல ஆண்டு தொடரும் வெளியீட்டுக்கு முகம் கொடுக்கவோ அவரிடம் கேட்பது நியாயமில்லை. உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். வார்ப்புருவில் நீங்களே செய்வது திரைக்கான படத்துக்கு நன்றாகவே வரும். அச்சுக்கு என்றால் சிஎம்ஒய்கே-யில் பிளீடோடு பிடிஎஃப் எடுக்க அந்த மென்பொருள் விடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். தனி வடிவமைப்பாளருக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையில் நான் பார்ப்பது திறமையை அல்ல. ஸ்டூடியோவில் ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் கோப்பைத் திறப்பார். அதற்குத்தான் கூடுதல் கட்டணம்.

யாராக இருந்தாலும் பேச்சின் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டியது மூலக்கோப்பு. பிடிஎஃப் அச்சுக்குப் போதும், அடுத்த ஆண்டு ஒரு பாடத்தை மாற்ற அது போதாது. திறந்து திருத்தக்கூடிய கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக்களின் பட்டியல், படங்கள், சின்னத்தின் வெக்டர் வடிவம் நான்கும் கைக்கு வருமா, அதற்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். வெக்டர் என்பது கோடுகளைக் கணக்காக வைத்திருக்கும் கோப்பு. விசிட்டிங் கார்டிலும் சுவர் அளவிலும் ஒரே கூர்மை. ஜேபெக் சின்னத்தைப் பெரிதாக்கினால் படிக்கட்டு.

தமிழ் என்பதால் இன்னொரு கேள்வியும் கேட்பேன்: தட்டச்சு யூனிகோடிலா, பழைய பாமினி போன்ற முறையிலா? பழைய முறையில் அடித்த கோப்பில் எழுத்துரு மாறினால் மொத்தமும் புரியாத குறிகளாகிவிடும், அதிலிருந்து இணையத்துக்கு நகலெடுக்கவும் முடியாது. யூனிகோடில் வேறு சிக்கல். 'கொ' என்பதில் கொம்பும் காலும் க-வின் இருபுறமும் வந்தாலும், கோப்பில் க முதலில், ஒகரக் குறி பிறகு என்றுதான் சேமிக்கப்படும். பிரித்து இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி என்ற பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு வழிதவறும். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளடங்கியிருக்க வேண்டும். அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ் வகையாகச் சேமித்தால் அது கட்டாயமாகிவிடும்.

எந்த ப்ரூஃபுக்குப் பணம் கொடுப்பது?

ப்ரூஃப் என்பது அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி. திரையில் வரும் பிடிஎஃப் ப்ரூஃப் இலவசம். பக்க வரிசை, விடுபட்ட படம், பிழை இவற்றைப் பிடிக்கும். நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதையும் திரையிலேயே படிக்காதீர்கள். அலுவலக அச்சுப்பொறியில் உண்மையான அளவில் எடுத்து, கையில் பிடித்துப் படியுங்கள். புள்ளி மூடிய என் பின்னட்டை இங்கேயே மாட்டியிருக்க வாய்ப்புண்டு. 7 பாயின்ட் எவ்வளவு பொடி என்று அப்போதாவது உறைத்திருக்கும்.

டிஜிட்டல் என்றால் அதே இயந்திரத்தில், அதே தாளில் ஒரு முழுப் பிரதி கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு பிரதியின் விலைதான், இதைவிட நல்ல ப்ரூஃப் கிடையாது. ஆஃப்செட்டில் அப்படி ஒரு பிரதி எடுப்பது, பிளேட் போட்டு மெஷினை ஓட்டி நிறுத்துவது. நிறத்தில் பணம் தொங்கும் வேலைகளுக்கு மட்டும்தான் அது. மற்றவற்றுக்கு நிறம் சீர்செய்த இங்க்ஜெட் ப்ரூஃப் எடுத்துக் கையெழுத்திட்டு, அதை மெஷின் பக்கத்தில் வைக்கச் சொன்னால் போதும். கையெழுத்திட்ட பிறகு தெரியும் எழுத்துப்பிழை உங்களுடையது, நிறப்பிழை அவர்களுடையது.

நண்பரின் கையேட்டுக்கு வருகிறேன். டம்மி செய்தோம், பிறகு ஒரே வாசகத்தை இருவருக்கும் அனுப்பினோம்: "ஏ5 நிமிர்ந்த வாக்கு, 48 பக்கம் + 4 பக்கக் கவர். உள்ளே 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, 1+1 கருப்பு. கவர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட், 4+0, வெளிப்புறம் மேட் லேமினேஷன், கிரீசிங். சென்டர் பின் 2. பிளீடோடு அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் நாங்கள் தருவோம். 300-க்கும் 1000-க்கும் தனித்தனி விலை, ப்ரூஃப் பிரதியும் சேர்த்து." உட்பக்கத்தில் நிறம் தேவையில்லை என்று வரிவரியாகப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டு மூன்று வரைபடங்களைத் தவிர அங்கே வண்ணமே இல்லை.

இரண்டாவது அச்சகத்திலிருந்து போன் வந்தது. "சார், லேமினேஷன் வேணும்னு நீங்க அன்னைக்குச் சொல்லலையே? கிரீசிங்கும் அதுல சேர்க்கல." விலை ஏறியது. முதல் அச்சகத்தில் 28 பிளேட் 10 ஆனது, விலை இறங்கியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டதில் 400-ஐ ஒட்டி விழுந்தது. கையேடு ஆண்டுக்கொரு முறை மாறும், வகுப்பில் 300 பேர். டிஜிட்டலிலேயே கொடுத்தார். ப்ரூஃப் பிரதியில் 31-ஆம் பக்கம் தலைகீழாக இருந்தது.